பிறஷர் பார்க்கிற அறை

கல்முனைக்குடி
2025 மே 6, செவ்வாய்

அன்பு ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் இலக்கத்தை நீங்கள் தடுத்துவைத்து இன்றைக்குப் பதின்மூன்று நாள். உம்மாவின் போனில் எடுத்தாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்தக் காகிதம். நாளைக்கு எங்கள் மனநலக் கிளினிக் வேன் இறக்காமத்துக்கு வரும்போது தாதி கஜனி தருவார். நான் வரமாட்டேன். சொந்தக்காரரிடம் நாங்கள் கேள்வி கேட்கக் கூடாது என்பது விதி. நீங்கள் என் ராத்தா என்பதை மறைத்து உங்கள் ஊருக்கு வந்ததற்காக என்னைத் திருக்கோவில் ஊர்ப்பக்கம் மாற்றிவிட்டார்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று மட்டும் எழுதுகிறேன். பாடசாலை முற்றத்தில் மரத்தடியில் கதிரைகள் போட்டிருந்தோம். நாற்பத்தொரு பெண்கள், ஆளுக்கு ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு கிழமையில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, தூக்கம் கெட்டதா, பசி கெட்டதா, உங்களைப் பற்றியே உங்களுக்கு வெறுப்பு வந்ததா, ஒன்பதாவதாக, செத்துப்போனால் நல்லது என்று தோன்றியதா. ஒவ்வொரு விடைக்கும் ஒரு புள்ளி. கூட்டினால் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்பது ஓரளவு பிடிபடும். உங்கள் கைருன்னிஸா மதினி தொடங்கி எல்லாரும் சொன்னது ஒரே பதில். தூக்கம்? அல்ஹம்துலில்லாஹ். பசி? அல்ஹம்துலில்லாஹ். நானும் கையிலிருந்த டெப் திரையில் பூச்சியம், பூச்சியம் என்று தட்டிக்கொண்டே போனேன். எங்கள் பெண்கள் எவ்வளவு திடமானவர்கள் என்று உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு நீங்கள் வந்து இருந்தீர்கள். என் பாடசாலை உடுப்பில் ஒரு சுருக்கம் கண்டால் கழற்றச் சொல்லி மறுபடி அயன் பண்ணித் தந்த ராத்தா. அன்றைக்கு உங்கள் இரண்டு காலிலும் இரண்டு விதமான செருப்பு. பிள்ளைகள் எப்படி என்று கேட்டேன். என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டு "இரிக்காங்க" என்றீர்கள். ஒன்பது கேள்விக்கும் ஒன்பது அல்ஹம்துலில்லாஹ். என் வாய் என்னை மீறிவிட்டது. "பொய் சொல்லாதீங்க ராத்தா."

அலுவலகத்துப் பட்டியலில் இறக்காமத்துக்கு நேரே பூச்சியம் விழுந்திருக்கிறது. ஓகஸ்ட் வரை இப்படியே இருந்தால் வேனை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அது இரண்டாவது கவலை. முதலாவது நீங்கள்.

பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

ஸுஹைறா

*

இறக்காமம்
மே 21

ஸுஹைறாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை, அதனால் சொல்கிறேன்.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், அதில் மன்னிப்பு எங்கேயாவது இருக்கிறதா என்று. செருப்பு இருந்தது, அயன் இருந்தது, பட்டியல் இருந்தது. அது இருக்கவில்லை.

நமது ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். எனக்கென்று கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டு ஜெஸீமின் வயலோரம் வந்தவள் நான் ஒருத்திதான். "மூணு மாசம் தாங்கமாட்டாய்" என்று உம்மா சொல்லி ஒன்பது வருடமாகிறது. அந்த முற்றத்தில் என்னைச் சுற்றி இருந்தவர்கள் யார்? எல்லாம் ஜெஸீமின் மாமிமார், மதினிமார். என் பக்கத்தில் எனக்கென்று இருந்தது நீ மட்டும். நீதான் என்னைப் பொய்காரி என்றாய். வேன் போன பிறகு கைருன்னிஸா மதினி கேட்டார்: "ஏன்கா, ஒண்ட தங்கச்சி ஒனக்குப் பைத்தியம் எண்டா எழுதிக்கிட்டுப் போறா?"

இன்னொன்று. அல்ஹம்துலில்லாஹ் பொய்யில்லை. பல்கலைக்கழகம் போய்ப் படித்துவிட்டு வந்தவளுக்கு அது பொய்யாகக் கேட்டதுதான் எனக்கு ஆச்சரியம்.

எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வயல் இருக்கிறது, வயலுக்குள் இறங்கும் ஆனை இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இதற்குள் மனத்துக்கு எங்கே இடம்?

கஜனி நல்ல பிள்ளை. கடிதத்தைத் தந்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். நீ அவரிடம் பார்த்துப் பழகு.

அஸ்னா

*

கல்முனைக்குடி
ஜூன் 3

ராத்தா,

மன்னித்துக்கொள்ளுங்கள். போன தரமே முதல் வரியில் எழுத நினைத்தேன். பேனா அந்தச் சொல்லைச் சுற்றிச் சுற்றிப் போனது. பிழை என்னுடையது. உங்கள் மாமிமாருக்கு முன்னால், அதுவும் உரத்த குரலில்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை விடவில்லை. அல்ஹம்துலில்லாஹ் பொய்யில்லை என்கிறீர்கள். அப்படியானால் அது என்ன? திருக்கோவிலில் பெண்களிடம் கேட்டால் "ஏதோ கடவுள் புண்ணியத்தில போகுது" என்கிறார்கள். அதற்கும் நான் பூச்சியம்தான் போட்டேன். இப்போது டெப்பைத் தொடவே தயக்கமாக இருக்கிறது. எங்கள் வேன் டொக்டரிடம் சொன்னேன். ஒன்பது கேள்வியில் ஒரு சொல்லையும் மாற்ற முடியாது, அதற்கு முன்னும் பின்னும் எப்படிக் கதைப்பது என்பது உங்கள் கையில் என்றார்.

எங்கள் கையில் ஒன்றும் இல்லை ராத்தா. உங்கள் கையில்தான் இருக்கிறது போலத் தெரிகிறது. நீங்கள் என்றால் எப்படிக் கேட்பீர்கள்?

பெருநாளைக்கு நீங்கள் வரமாட்டீர்கள் என்று உம்மா இப்போதே முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறா. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஸுஹைறா

*

இறக்காமம்
ஜூலை 1

தங்கச்சி,

நீ கேட்டதற்குக் கடிதத்தில் பதில் எழுத வராது என்று தோன்றியது. செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பிஸ்மி சொல்லிவிட்டுத்தானே சாப்பிடத் தொடங்குகிறோம்? நீங்கள் பிஸ்மியைக் கேட்டதும் சாப்பாடு முடிந்தது என்று எழுதிக்கொண்டு எழும்பிவிட்டீர்கள். அல்ஹம்துலில்லாஹ் சொன்ன பிறகுதான் இங்கே பெண்கள் கதைக்கவே தொடங்குவார்கள். முதலில் அதைச் சொல்லாவிட்டால் படைத்தவன்மேல் முறைப்பாடு வைத்தது போலாகிவிடும். சொல்லிவிட்டால் பிறகு பயமில்லாமல் கதைக்கலாம். அந்த நேரம் பார்த்து நீங்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறீர்கள், செய்தி வாசிக்கிற குரலில்.

அடுத்தது இடம். இரண்டு கதிரை தள்ளி மாமியார் இருக்கையில் எந்த மருமகள் தூக்கம் வரவில்லை என்பாள்? எங்கள் வீட்டுப் பின்பக்கம் நெல் அறை இருக்கிறதே, வெட்டுக்கு இன்னும் நாள் கிடப்பதால் காலியாகக் கிடந்தது. கூட்டிக் கழுவி இரண்டு கதிரை போட்டேன். கஜனியிடம் சொன்னேன், வேனை இந்தமுறை பாடசாலையில் விட வேண்டாம், எங்கள் வாசலில் விடுங்கள், ஒவ்வொருவராக வரட்டும், பிறஷர் பார்க்கிறோம் என்று சொல்லுங்கள். பிறஷருக்கு எந்த மாமியாரும் தடை சொல்லமாட்டார். பிறஷர் பார்ப்பதும் உண்மைதானே. கஜனி ஒரு நிபந்தனை வைத்தார். பிறஷரைப் பார்த்து முடிந்ததும், இன்னும் ஒன்பது கேள்வி இருக்கிறது, விருப்பமென்றால் சொல்லுங்கள், இல்லையென்றால் போகலாம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்வேன் என்றார். சொன்னார். ஒருத்தரும் எழும்பிப் போகவில்லை.

ஜூன் 18ஆம் திகதி முதலாவதாக வந்தது கைருன்னிஸா மதினி. "எனக்கு வேற கேள்வியெல்லாம் வேணாம், பிறஷரப் பாத்து அனுப்பு புள்ள" என்றுகொண்டே போனார்.

"பாப்பம் அக்கா. கைய நீட்டுங்க. எப்பிடிச் சுகம்?"

"அல்ஹம்துலில்லாஹ்."

கஜனி வாய் திறக்கவில்லை. பட்டியைக் கட்டி, காற்றடித்து, இறக்கி, இலக்கத்தை எழுதி, பட்டியைக் கழற்றி மடித்தார். சும்மா இருந்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மதினி மேலே கூரையைப் பார்த்தார், கீழே பார்த்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்தான்... ஆனா புள்ள..."

அவ்வளவுதான் நான் கேட்டது. கதவைச் சாத்திவிட்டு, வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்தவர்களுக்குக் கேட்காமலிருக்க ரேடியோவை உரத்து வைத்தேன். முக்கால் மணித்தியாலம். மதினி வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது. எல்லாரும் பார்க்க, "என்ன பாக்கீங்க? பிறஷர் கூடிப்போச்சி" என்றார். பிறகு நடு வாசலில் நின்று, "போங்கடி, ஒவ்வொருத்தியாப் போங்க, அந்தப் புள்ள நல்லாக் காது குடுக்கிது" என்று இவரே ஆள் அனுப்பத் தொடங்கிவிட்டார். இதை உனக்கு எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுது, கல்முனைக்கும் தெரியட்டும்" என்றார்.

உள்ளே யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் என் வேலை. வாசலில் நின்று தேத்தண்ணி ஊற்றினேன், ரேடியோவைப் பார்த்துக்கொண்டேன். நீண்ட நாளைக்குப் பிறகு அன்றைக்கு எனக்குப் பசித்தது.

அஸ்னா

*

கல்முனைக்குடி
ஜூலை 15

ராத்தா,

உங்கள் கடிதத்தை டொக்டருக்கு வாசித்துக் காட்டினேன், பிஸ்மி வரும் பந்தியை மட்டும். அவர் அதை இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார். "இவ எங்க படிச்சவ?" என்று கேட்டார். கல்முனையில் உயர்தர வகுப்பு வரை, அதற்குப் பிறகு படித்ததெல்லாம் என்னைப் படிப்பித்ததில் என்றேன்.

கஜனி எண்ணிக்கையை மட்டும் சொன்னார், பெயர் ஒன்றும் சொல்லவில்லை. இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேருக்கு உதவி தேவை என்று வந்திருக்கிறது. வேனை நிறுத்தும் பேச்சை அலுவலகத்தில் இப்போது யாரும் எடுப்பதில்லை. திருக்கோவிலில் நானும் உங்கள் முறையைச் செய்து பார்க்கிறேன். "கடவுள் புண்ணியத்தில போகுது" என்றதும் பேசாமல் இருக்கிறேன். அது எவ்வளவு கஷ்டமான வேலை! ஆனால் வருகிறது ராத்தா, சொல்லுக்குப் பின்னால் சொல்லாக வருகிறது.

"வாசலில் நின்றேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே போனதாக எழுதவில்லை.

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்ல வேண்டும். யாருக்கும் சொன்னதில்லை. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், எட்டு மாதம், நான் எழும்பிக் குளிப்பதே பெரிய காரியமாக இருந்த காலம் ஒன்று உண்டு. புத்தகத்தைத் திறந்தால் ஒரே பக்கத்தில் மத்தியானம் வரை இருப்பேன். உம்மா பின்னேரம் போன் எடுத்து "எப்பிடி மகள்?" என்று கேட்பா. "அல்ஹம்துலில்லாஹ் உம்மா" என்பேன். நீங்கள் எடுப்பீர்கள், அதே பதில். எனக்கும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வேறு வார்த்தைகள் நின்றன. யாரும் காத்திருக்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசியில் விடுதித் தோழி ஒருத்தி கையைப் பிடித்து டொக்டரிடம் கூட்டிப்போனாள். ஒரு வருடம் மருந்து எடுத்தேன். சுகமானேன். இந்த வேலைக்கு வந்ததே அதனால்தான். வீட்டில் சொல்லவில்லை; கலியாணப் பேச்சு வரும்போது யாராவது இதை எடுத்துப் போடுவார்கள் என்று பயம். உண்மையைச் சொன்னால் அதைவிடப் பெரிய பயம் உங்களைப் பற்றியது. "என் தங்கச்சி பல்கலைக்கழகத்தில்" என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த காலம் அது.

அன்றைக்கு மரத்தடியில் "பொய்" என்று நான் கத்தியது உங்களைப் பார்த்து அல்ல. அந்தக் குரலை எனக்குத் தெரியும். அது என்னுடையதாக இருந்தது.

உள்ளே போங்கள் ராத்தா. நீங்கள் போகும்போது ரேடியோவை மதினி பார்த்துக்கொள்வார்.

ஸுஹைறா

*

இறக்காமம்
ஓகஸ்ட் 12

என் தங்கச்சிக்கு,

நீ எழுதியதை வாசித்து முடித்ததும் எனக்கு முதலில் கோபம் வந்தது. எட்டு மாதம்! கிழமைக்கு நாலு தரம் போன் எடுத்தேனே, எனக்குத் தெரியாமல் போனதே என்று. அந்தக் கோபத்தோடேயே எழும்பி, ஜூலை 30, வேன் வந்து நின்றதும் எல்லாருக்கும் முன்னால் நெல் அறைக்குள் போனேன். "தேத்தண்ணி நீங்க ஊத்துங்க மதினி" என்றேன். கைருன்னிஸா மதினி ஒன்றும் கேட்கவில்லை. ரேடியோவை நான் வைப்பதைவிட உரத்து வைத்தார்.

கஜனியிடம் முதலில் சொன்னது இதுதான்: "எனக்குக் காரணம் ஒண்டும் இல்ல." மற்றவர்களுக்குக் காரணம் இருந்தது என்று நினைத்திருந்தேன். ஒருத்திக்கு மகன், ஒருத்திக்குப் புருஷன், ஒருத்திக்கு ஆனை மிதித்த வயல். எனக்கு என்ன? நல்ல மனிசன், நல்ல பிள்ளைகள், வெள்ளாமையும் பிழையில்லை. இவ்வளவும் தந்தவனுக்கு நன்றி கெட்டவளாக இருக்கிறேனே என்றுதான் ஒன்றரை வருடமாக வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். அதோடு உம்மாவின் மூன்று மாதக் கணக்கு வேறு. நானாகத் தேடிவந்த இடத்தில் இருந்துகொண்டு அழுவதா?

கஜனி டெப்பை என் பக்கம் திருப்பினார். "ஒன்பது கேள்வியையும் நீங்களே வாசியுங்க அக்கா. ஏன் எண்டு கேக்கிற கேள்வி ஒண்டாவது இரிக்கா?"

வாசித்தேன். இல்லை.

பிறகு பதில் சொன்னேன். இருபத்தேழுக்குப் பதினேழு. "இறக்காமத்தில் முதலாம் இடமா?" என்று கேட்டேன். சொல்லமாட்டாராம். சிரித்தோம். அந்த அறைக்குள் சிரிப்பு வந்ததை நீ நம்பமாட்டாய். ஒன்பதாவது கேள்விக்கு நான் சொன்ன விடையைக் கடிதத்தில் எழுதமாட்டேன். கஜனிக்குத் தெரியும், அன்றைக்கே வேனில் இருந்த டொக்டருக்குத் தெரியும். அன்று பின்னேரமே ஜெஸீமுக்கும் சொன்னேன். அதைச் சொல்லாமல் மருந்து தரமாட்டேன் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

ஜெஸீம் வயலுக்குப் போக வெளிக்கிட்டு நின்றார். கேட்டுவிட்டு டோர்ச்சைக் கீழே வைத்தார். "நான் ஆனை வருமெண்டு அங்க பாத்துக்கிட்டு இருந்தன் அஸ்னா" என்றார். அன்றைக்குக் காவலுக்குத் தம்பியை அனுப்பினார். போன கிழமை வெட்டு முடிந்தது. மூட்டைகள் வந்து இறங்கியதும், நான் சொல்லாமலே, எல்லாவற்றையும் முன் அறையில் அடுக்கினார். வந்தவர்கள் இருக்க இடமில்லை. "நெல் அறை இப்ப நெல்லுக்கு இல்ல" என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மருந்து தொடங்கி இரண்டு கிழமை. வாய் உலர்கிறது, நித்திரை வருகிறது. வேறொன்றும் இன்னும் தெரியவில்லை. தெரிய நாள் எடுக்குமாம், நடுவில் விடக் கூடாதாம்.

ஒரு காரியம்தான் என்னை உலுக்குகிறது. செப்டம்பர் 9ஆம் திகதி முழுப் பரிசோதனைக்குக் கல்முனை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே எனக்கு ஒரு அறை இருக்கிறது, கதவு இருக்கிறது, ரேடியோ இருக்கிறது. அங்கே திறந்த வராந்தா. நமது தெருவில் பாதிப் பேர் அங்கே இருப்பார்கள். பெயரை உரத்துக் கூப்பிடுவார்கள். இறக்காமத்துப் பெண்களை உள்ளே அனுப்பியவள் நான், ஆனால் அந்த வராந்தாவில் போய் இருக்க எனக்குப் பயம். வருவேனா, பஸ்ஸில் ஏறிப் பாதியில் இறங்கிவிடுவேனா, தெரியாது. நீ அங்கே வந்து நிற்காதே. நீ பார்த்துக்கொண்டிருந்தால் என்னால் முடியாது.

உன்னைப் பற்றி நீ எழுதியது என்னோடுதான் இருக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன். "என் தங்கச்சி பல்கலைக்கழகத்தில்" என்று நான் சொல்லித் திரிந்தது நீ வாங்கிய புள்ளிகளுக்காக இல்லை.

ராத்தா

*

கல்முனைக்குடி
செப்டம்பர் 9

ராத்தா,

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் வரவேண்டாம் என்றீர்கள். வந்தேன். பஸ்ஸில் பாதியில் இறங்கிவிடுவீர்களோ என்ற பயத்தில் வீட்டில் இருக்க முடியவில்லை. மருந்து கொடுக்கும் சன்னலுக்குப் பக்கத்துத் தூணுக்குப் பின்னால், ஒன்பது மணியிலிருந்து நின்றேன்.

பத்தரைக்குத்தான் வந்தீர்கள். தனியாக. ஜெஸீம் மச்சானை வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்தீர்கள் என்று பிறகு தெரிந்தது. வாங்கில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது, அதற்குப் பக்கத்தில் யார் என்று உங்களுக்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். நமது ஒழுங்கையில் மூன்றாம் வீட்டுச் சுபைறா மாமி. அவர் அறிந்தால் அஸர் தொழுகைக்கு முன் கல்முனைக்குடி முழுக்க அறியும். நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்றே நினைத்தேன். ஒரு கணம் நின்றீர்கள். பிறகு போய் இருந்தீர்கள்.

"அஸ்னாவா? என்னகா இந்தப் பக்கம்? ஆருக்குச் சுகமில்ல? புள்ளைகளுக்கா?"

அந்த வராந்தாவில் அறுபது பேராவது இருந்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு என்று சொல்லியிருக்கலாம். பிறஷர் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல்லை எங்களுக்கு வழிகாட்டித் தந்ததே நீங்கள்தான்.

"எனக்குத்தான் மாமி. மனம் சுகமில்ல. மருந்து எடுக்கன்."

உங்கள் குரல் பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை. மீன் என்ன விலை என்று கேட்கிற குரல். மாமி வாய் திறந்தபடி உங்களையே பார்த்தார். கையிலிருந்த பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி இருந்தார். விலகிப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை, நீங்கள் வசதியாக இருக்க இடம் விட்டிருக்கிறார். பிறகு உங்கள் காதருகே குனிந்து, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற அவருடைய இரகசியக் குரலில் கேட்டார்:

"அந்த டொக்டர் எப்பிடி மனே? எனக்கு இண்டைக்கு மொத நாள்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அது உங்கள் இருவருடைய கதை. கேட்காத தூரத்துக்கு நகர்ந்தேன். பார்ப்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை. நீங்கள் ஏதோ சொன்னீர்கள், மாமி தலையாட்டினார். உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழும்புவதற்கு முன் மாமியின் கையை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனீர்கள். முதுகு நேராக, அவசரமில்லாமல்.

வாசல் காவல்காரர் என்னைக் கனநேரமாகக் கவனித்திருக்கிறார் போல. பக்கத்தில் வந்து, "ஆரப் பாக்கணும் தங்கச்சி? காலையில இருந்து நிக்கீங்க" என்றார்.

"ஒருத்தரையும் இல்ல காக்கா" என்றேன். பிறகு வாய் கேட்கவில்லை. "அந்தா, உள்ளுக்குப் போறாங்களே, அது எங்கட ராத்தா."

ஸுஹைறா